குடற்புழு நீக்க முகாம்: வீட்டில் ஏழு பேர், மாத்திரை மூவருக்கு

ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அரசு இலவசமாக நடத்தும் குடற்புழு நீக்க முகாமைப் பற்றித் தேடினால் தேதியும் எண்ணிக்கையும் அடங்கிய செய்திக்குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. அந்தச் சேவையைப் பயன்படுத்திய ஒரு குடும்பம் அதை எப்படிக் கண்டது என்பதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. கடைச் சாமானுக்கும் உணவகத்துக்கும் மதிப்பீடு எழுதுகிறோம். நம் பிள்ளைகளின் வாயில் மாத்திரை போடும் சேவைக்கும் எழுத வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். போளூர்ப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கிறேன். நோய் எதிர்ப்பாற்றல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துபவள் என்பதால், இந்த முகாமில் யாருக்கு மாத்திரை உண்டு, யாருக்கு இல்லை என்று வரையப்பட்டுள்ள கோட்டை என்னால் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியவில்லை.

கடந்த ஆகஸ்ட் சுற்றின்போது எங்கள் வீட்டில் ஏழு பேர் இருந்தோம். ஓரகத்தியின் ஒன்றரை வயது மகளுக்கு அரை மாத்திரை கிடைத்தது. என் 9 வயது மகனுக்கும் 14 வயது மகளுக்கும் ஆளுக்கு ஒரு முழு மாத்திரை. 27 வயதான ஓரகத்திக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவள் பால் கொடுக்கிறாள். 36 வயதான எனக்கு இல்லை, என் கணவருக்கு இல்லை, 63 வயதில் இன்னமும் நடவுக்குப் போகிற என் மாமியாருக்கும் இல்லை. தமிழ்நாட்டில் நடைமுறை இதுதான்: 1 முதல் 19 வயது வரை ஆண், பெண் இருபாலருக்கும், 20 முதல் 30 வயது வரை பெண்களுக்கு மட்டும், அவர்களிலும் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் தவிர்த்து. வயதையும் பாலையும் வைத்துப் போட்ட இந்தக் கணக்கு உடலின் எதிர்ப்பாற்றல் போடும் கணக்கோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை என்பதே இந்த மதிப்பீட்டின் மையம்.

முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று தின்னும் வகை. இலேசான இனிப்பும் அடியில் சுண்ணாம்புத்தூள் போன்ற ஒரு மாவுத்தன்மையும் இருக்கிறது. பிள்ளைகள் முகம் சுளிப்பதில்லை. எங்கள் தலைமுறைக்கு வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி வாயில் திணித்தார்கள். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் விளக்கெண்ணெயைக் கொடுத்துப் பேதிக்குப் போக வைத்தார்கள். அந்த நாளின் நினைவே இன்னும் வயிற்றைப் பிசைகிறது. அதோடு ஒப்பிட்டால் இன்றைய பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். அங்கன்வாடியில் குழந்தைக்குக் கொடுத்ததை அருகிலிருந்து பார்த்தேன். பணியாளர் மாத்திரையைச் சரிபாதியாக உடைத்து, ஒரு பாதியை இரண்டு கரண்டிகளுக்கு இடையில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி நொறுக்கினார். கட்டி ஏதும் இல்லை என்று விரல் நுனியால் தடவிப் பார்த்த பிறகே கொதித்து ஆறிய நீரில் குழைத்துப் புகட்டினார். குழந்தை கரண்டியை நக்கியது. சிறு குழந்தைகளுக்கு மாத்திரையை அப்படியே கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் இந்த நொறுக்கல் சடங்கு அல்ல, மிக அவசியமான பாதுகாப்பு. குழந்தை அழுதுகொண்டிருந்தால் மூக்கைப் பிடித்துப் புகட்டக் கூடாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுததும், ‘தூங்கி எழட்டும், சாயங்காலம் தூக்கிட்டு வாங்க’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

பள்ளியிலும் ஒழுங்கு குறையவில்லை. சத்துணவு முடிந்த பிறகு வகுப்புவாரியாகக் கொடுத்து, ஆசிரியர் முன்னிலையில் மென்று விழுங்கச் செய்தார்கள். காய்ச்சலோடு இருந்த இருவருக்குக் கொடுக்காமல், ஒரு வாரம் கழித்து விடுபட்டவர்களுக்காக நடக்கும் நாளுக்கு அவர்கள் பெயரை எழுதி வைத்தார்கள். புழு அதிகமாக உள்ள பிள்ளைகளுக்குச் சில மணி நேரம் வயிற்று வலியோ குமட்டலோ வரலாம் என்பதை முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லியிருந்தால், மாலையில் வந்த இரண்டு மூன்று பதற்றமான அழைப்புகள் குறைந்திருக்கும். மற்றபடி குறை சொல்ல ஏதுமில்லை. ஊரில் உள்ள 20 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அங்கன்வாடியிலேயே கொடுத்தார்கள். அங்கே கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொருவரையும் தனியாகக் கரும்பலகைக்குப் பின்னால் அழைத்து, ‘நாள் ஏதாச்சும் தள்ளிப் போயிருக்கா கண்ணு?’ என்று தணிந்த குரலில் கேட்டார். நான்கு பேர் முன்னால் கேட்டிருந்தால் பாதிப் பேர் பொய் சொல்லியிருப்பார்கள்.

இனி, கோடு எங்கே வரையப்பட்டுள்ளது என்ற கேள்விக்கு வருகிறேன். குடலில் புழு வந்து தங்கியதும் உடல் அதை எதிர்க்கும் முறை, காய்ச்சல் கிருமியை எதிர்க்கும் முறையிலிருந்து வேறுபட்டது. ஒரு பாக்டீரியாவை வெள்ளணு விழுங்கிவிடலாம். விரல் நீளப் புழுவை எந்த அணுவும் விழுங்க முடியாது. ஆகவே உடல் அதைக் கொல்லப் பார்ப்பதைவிட வெளியே தள்ளப் பார்க்கிறது. குடற்சுவரில் உள்ள சில சிறப்பு அணுக்கள் புழுவின் வரவை உணர்ந்து சமிக்ஞை அனுப்ப, இன்டர்லூக்கின்-4, 5, 13 ஆகிய புரதங்கள் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் சளி கூடுகிறது, குடலின் அசைவு வேகம் பெறுகிறது, குடலின் உள்தோல் விரைவாகப் புதுப்பிக்கப்படுகிறது, ஈசினோஃபில்கள் என்ற ஒரு வகை வெள்ளணுக்கள் பெருகுகின்றன, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உயர்கிறது. இரண்டாம் வகைத் துணை அணுக்களின் எதிர்வினை என்று பாடநூலில் வருவது இதுதான். இந்த எதிர்வினை எல்லா உடலிலும் ஒரே வலுவோடு நடப்பதில்லை. அது முதிர்வதற்கு ஆண்டுகளும் பலமுறை தொற்றும் தேவைப்படுகின்றன, ஹார்மோன்களும் அதன் மீது கை வைக்கின்றன.

உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் உச்சத்தில் இருந்து, பெரியவர்களிடம் குறைகின்றன என்பது உலகின் பல பகுதிகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. மண்ணில் விளையாடிய கையை அப்படியே வாயில் வைப்பது குறைகிறது என்பது ஒரு காரணம். எதிர்ப்பாற்றல் மெல்லக் கைகூடுகிறது என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்து அளப்பது கடினம் என்றாலும் தடயங்கள் உண்டு. நைஜீரியாவில், ஒரே சூழலில் வாழ்ந்தும் உருண்டைப்புழு ஏறாத பிள்ளைகளிடம், அந்தப் புழுவின் ஒரு குறிப்பிட்ட புரதத்துக்கு எதிரான ஐஜிஇ கூடுதலாக இருந்ததை 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. கேமரூனில் 2003இல் வந்த மற்றொன்று, மேலே சொன்ன இரண்டாம் வகை எதிர்வினை வலுவாக இருந்தவர்களிடம் புழுச் சுமை குறைவாக இருந்ததைக் காட்டியது. நமக்கு அருகிலேயே, பழவேற்காடு ஏரிப் பகுதியின் மீனவர் ஊர் ஒன்றில் 1980களில் நடந்த ஆய்வை நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை ஆள்வாரியாக எண்ணி, சில மாதங்கள் கழித்து மறுபடியும் மருந்து கொடுத்து எண்ணினார்கள். முதல் முறை யாரிடம் அதிகம் இருந்ததோ, பெரும்பாலும் அவர்களிடமே மறுபடியும் அதிகமாக ஏறியிருந்தது. ஒரே தெரு, ஒரே தண்ணீர். ஆனாலும் சிலர் உடல் புழுவுக்கு இடம் கொடுக்கிறது, சிலர் உடல் கொடுப்பதில்லை. இந்தச் சான்றுகளை வைத்துப் பார்த்தால், 1 முதல் 19 வயது வரை ஒருவரையும் விடாமல் கொடுக்கும் முடிவு சரியானது. பரிசோதித்து, புழு உள்ளவரைத் தேடிக் கொடுக்கும் செலவைவிட எல்லாருக்கும் கொடுப்பதே மலிவு; மாத்திரையும் பாதுகாப்பானது.

19 என்ற மேல் வரம்புக்கும் உடலில் ஓர் அடிப்படை இருக்கிறது என்று நம்ப இடமுண்டு. பருவமடைதல் உயரத்தையும் குரலையும் மட்டுமா மாற்றுகிறது? ஒட்டுண்ணிகளை எதிர்க்கும் திறனும் அப்போது மாறுகிறது. பிலிப்பைன்ஸின் லேய்ட்டே தீவில் நத்தை வழியாகப் பரவும் குருதிப்புழு நோயை ஆராய்ந்தவர்கள், சிகிச்சைக்குப் பின் மீண்டும் தொற்றுவது பருவ வளர்ச்சி முன்னேறியவர்களிடம் குறைவாக இருந்ததை 2006இல் வெளியிட்டார்கள். கென்யாவில் மலேரியாவை ஆராய்ந்த மற்றொரு குழு, அட்ரீனல் சுரப்பி பருவ வயதில் மிகுதியாக வெளியிடும் டிஹெச்இஏ-சல்ஃபேட் என்ற ஹார்மோன் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு குறைவாக இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் இருந்ததை 2001இல் காட்டியது. வயதை ஒதுக்கிக் கணக்கிட்டபோதும் அந்தத் தொடர்பு நீடித்தது. என் மகளின் வகுப்பில் சிலர் பருவமடைந்தவர்கள், சிலர் இல்லை. எல்லாருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கும் ஆசிரியையின் கையில் வயது மட்டும் இருக்கிறது, அந்த வயதுக்குள் நடக்கும் இந்தப் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் நிகழ்ச்சியை எளிமையாக வைத்திருப்பதற்கு அது தேவையும் இல்லை.

கொக்கிப்புழுவிடம் வரும்போதுதான் இந்தக் கோடு நடுங்குகிறது. அது வாய் வழியாக வருவது அரிது. ஈர மண்ணில் காத்திருக்கும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. ஆகவே விளையாடும் பிள்ளையைவிட, உழவுக்கும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெரியவரே அதற்கு அதிகம் ஆளாகிறார். அதைவிட முக்கியமானது, கொக்கிப்புழுவுக்கு எதிராக வயதோடு வலுவான பாதுகாப்பு கைகூடுவதில்லை. எதிர்வினை நடக்கிறது, ஐஜிஇ உயர்கிறது, ஈசினோஃபில் ஏறுகிறது. ஆனாலும் புழு ஆண்டுக்கணக்கில் குடலிலேயே இருக்கிறது. தொற்று குழந்தைப் பருவத்தில் ஏறி, இளமையில் உயர்ந்து, அதன் பிறகு இறங்காமலே நிற்கிறது. சீனாவின் ஹைனான் மாகாணத்தில் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வில் முதியவர்களிடம் கொக்கிப்புழுச் சுமை மிக அதிகமாக இருந்தது. அதே ஆண்டில் வந்த ஒரு சோதனைக்கூட ஆய்வில், இளம் சுண்டெலிகள் எளிதாக வெளியேற்றிய சாட்டைப்புழுவை முதிய சுண்டெலிகளால் வெளியேற்ற முடியவில்லை. எதிர்ப்பாற்றல் ஏறுவதற்கு ஒரு வயது இருப்பதுபோல் தளர்வதற்கும் ஒரு வயது உண்டு. முகாம் முதல் வயதைப் பார்க்கிறது, இரண்டாவதைப் பார்க்கவில்லை.

இதை ஏட்டறிவாக நான் சொல்லவில்லை. சென்ற ஆண்டு என் மாமியாருக்கு மூச்சு வாங்கியது. படி ஏறினால் நின்றுவிடுவார், நகம் வெளுத்திருந்தது. ஒரு மருத்துவமனையில் காட்டியபோது, புழுவாக இருக்குமோ என்று நான் கேட்டதற்கு, ‘இந்த வயசுல பூச்சியெல்லாம் வராதும்மா, அது பிள்ளைங்களுக்கு’ என்று சொல்லி, சத்து ஊசி எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். மலம் பரிசோதிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் வீணானது. பிறகு வேறோர் இடத்தில் மலத்தைப் பரிசோதித்தபோது கொக்கிப்புழு முட்டை இருந்தது. ஹீமோகுளோபின் 8க்குச் சற்று மேல். ஒரே ஒரு அல்பெண்டசோலும், தொடர்ந்து இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். தை மாதத்தில் அத்தை மறுபடியும் நிமிர்ந்து நடந்தார். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபமும் வருத்தமும் ஒன்றாக வருகின்றன. முகாமின் விளம்பரப் பலகையில் குழந்தைப் படம் மட்டுமே இருப்பதால், படித்தவர்கள் மனத்திலும் இது குழந்தை நோய் என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது.

இனி ஆண், பெண் வேறுபாடு. ‘பெண்ணுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்’ என்று பொதுவாகச் சொல்வதுண்டு. தொற்றுகளில் பலவற்றுக்கு அது பொருந்துகிறது. தடுப்பூசிக்குப் பெண் உடல் கூடுதலாக எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. தன் உடலையே தாக்கும் நோய்கள் பெண்களிடம் மிகுதியாக இருப்பதும் அதே வலுவின் மறுபக்கம். புழுவிலும் இதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. இன்டர்லூக்கின்-4 சுரக்காதபடி மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குச் சாட்டைப்புழுவைக் கொடுத்தபோது, பெண் எலிகள் இன்டர்லூக்கின்-13ஐக் கொண்டு சமாளித்துப் புழுவை வெளியேற்றிவிட்டன. ஆண் எலிகளிடம் புழு நிலைத்துவிட்டது. ஆண் ஹார்மோனே அந்தத் தடைக்குக் காரணம் என்பதை மான்செஸ்டர் குழு 2010இல் காட்டியது.

மனிதரிடம் இதைவிடத் துலக்கமாகத் தெரிவது அமீபா கட்டியில்தான். அமீபா குடலில் இருப்பது ஆண்களிடமும் பெண்களிடமும் ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளது. ஆனால் அது கல்லீரலுக்கு ஏறிச் சீழ்க்கட்டி ஆவது வளர்ந்த ஆண்களிடம் பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு வரை அதிகம். சிறு பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு இல்லை. நம் ஊர்களில் இதைக் குடிப்பழக்கத்தின் மேல் பழி போட்டு முடித்துவிடுகிறோம். அதற்கும் பங்கு உண்டு என்றாலும், டெஸ்டோஸ்டிரோன் செலுத்தப்பட்ட பெண் எலிகளிலும் கட்டி பெரிதானதை ஹாம்பர்க் ஆய்வாளர்கள் கண்டார்கள். எதிர்த்திசைச் சான்றுகளும் உள்ளன: டாக்சோபிளாஸ்மா என்ற ஓரணு ஒட்டுண்ணியின் தொற்றில் பெண் சுண்டெலிகளே எளிதில் பாதிக்கப்படுகின்றன, ஒரு வகை நாடாப்புழுவின் இளம்பருவம் பெண் சுண்டெலிகளின் உடலில்தான் செழிக்கிறது. ஆகவே எந்தப் பால் வலுவானது என்று கேட்பதைவிட, எந்த ஒட்டுண்ணிக்கு எதிராக என்று கேட்பதே சரி. என் மாணவர்கள் இதை ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்க ஆசைப்படுவார்கள், நான் அனுமதிப்பதில்லை.

அப்படியானால் 20 முதல் 30 வரை பெண்களுக்கு மட்டும் ஏன் மாத்திரை? அவர்களின் எதிர்ப்பாற்றல் குறைவு என்பதற்காக அல்ல. இது ஊரில் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம். என் ஓரகத்தியும் ‘பொம்பளைங்களுக்குத்தான் பூச்சி சீக்கிரம் புடிக்குமாக்கா?’ என்று கேட்டாள். காரணம் இரத்தம். நம் நாட்டில் காணப்படும் இரு வகைக் கொக்கிப்புழுக்களில் சிறியது ஒரு நாளைக்கு 0.03 மில்லிலிட்டர் அளவுக்கும், பெரியது அதைப்போல் ஐந்து மடங்கு அளவுக்கும் இரத்தம் இழக்கச் செய்கிறது. சிறிய வகையில் 40 புழுக்கள் இருந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 36 மில்லிலிட்டர். ஒரு சராசரி மாதவிடாயில் போகும் இரத்தமும் அவ்வளவுதான். அதாவது, அந்தப் பெண்ணுக்கு மாதத்தில் இன்னொரு மாதவிடாய், வெளியே தெரியாமல். அதே 40 புழுக்கள் என் கணவரின் குடலில் இருந்தால் அவர் தாக்குப்பிடிப்பார். இரும்புச்சத்துக் கையிருப்பே குறைவாக உள்ள பெண்ணால் முடியாது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்தப் பின்னணியில் இளம்பெண்களைச் சேர்த்தது மிக நல்ல முடிவு. மனமார வரவேற்கிறேன்.

ஆனால் 30இல் ஏன் நிறுத்த வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மண்வழிப் புழுக்கள் பரவலாக உள்ள இடங்களில் 15 முதல் 49 வயது வரையுள்ள, கர்ப்பமாக இல்லாத பெண்களுக்குக் கொடுக்கப் பரிந்துரைக்கிறது. மாதவிடாய் 30 வயதில் நின்றுவிடுவதில்லை; காரணம் இரத்தம் என்றால் வரம்பும் இரத்தத்தின்படியே இருக்க வேண்டும். என் வயதுப் பெண்கள், இரண்டு மூன்று பிரசவம் முடிந்து, இரும்புச்சத்தெல்லாம் கரைந்த நிலையில் வயலில் நிற்கிறவர்கள், இந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறார்கள்.

பாலூட்டும் தாய்மார்களை விலக்குவதுதான் இந்தச் சேவையில் நான் காணும் பெரிய குறை. கர்ப்பிணிகளை முகாமில் தவிர்ப்பதில் நியாயம் உண்டு: முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்து கூடாது, முகாமில் மாதக் கணக்கைச் சரிபார்க்க இயலாது, இரண்டாம் மூன்று மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையப் பரிசோதனையிலேயே ஒரு மாத்திரை கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. பாலூட்டுவோருக்கு அப்படித் தடை தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கையேடும் அவர்களை விலக்கவில்லை. குடலிலிருந்து இந்த மருந்து இரத்தத்துக்குள் செல்வதே மிகக் குறைவு. நம் ஊரில் ஒன்றரை, இரண்டு வயது வரை பால் கொடுக்கிறார்கள், அதன்பின் அடுத்த கர்ப்பம். இப்படிப் பார்த்தால் ஒரு பெண் தன் இருபதுகளில் பல ஆண்டுகள் இந்த விலக்குக்குள்ளேயே இருந்துவிடுகிறாள். யாருக்காக இந்த வயது வரம்பு போடப்பட்டதோ, அவளே வரிசையிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறாள். என் ஓரகத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படித்தான் திரும்பி வந்தாள்.

கருவுறுதலுக்கும் புழுவுக்கும் உள்ள தொடர்பு இரத்தத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. பொலிவியாவின் சிமானே பழங்குடிப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், உருண்டைப்புழு உள்ள பெண்கள் சீக்கிரமாகவும் குறைந்த இடைவெளியிலும் கருவுற்றார்கள். கொக்கிப்புழு உள்ளவர்கள் தாமதமாகக் கருவுற்றார்கள். இரு புழுக்களும் பெண்ணின் எதிர்ப்பாற்றலை வெவ்வேறு பக்கம் திருப்புவதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கரு வேற்றுத் திசு என்பதால் உடல் அதைத் தள்ளாமல் இருக்க எதிர்வினையைத் தணித்துக்கொள்கிறது. புழுவும் அதே தணிவைத்தான் தேடுகிறது. பாடநூலில் இல்லாத இந்தச் செய்தியைச் சொன்னபோது வகுப்பில் ஒரு நிமிடம் யாரும் அசையவில்லை.

ஆண்களையும் முதியவர்களையும் சேர்க்க வேண்டுமா என்பது பரவலைப் பற்றிய கேள்வி. ஒரு சுற்று மருந்தால் உருண்டைப்புழு 95 சதவீதம் பேரிடமும், கொக்கிப்புழு ஏறத்தாழ 80 சதவீதம் பேரிடமும் நீங்குகிறது. சாட்டைப்புழு 30 சதவீதம் பேரிடம்தான். ஆனால் மருந்து எதிர்ப்பாற்றலைத் தருவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கணக்கின்படி, 12 மாதங்களில் உருண்டைப்புழு பழைய அளவில் 94 சதவீதத்துக்கும், கொக்கிப்புழு 57 சதவீதத்துக்கும் திரும்பிவிடுகிறது. பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், பெரியவர்களின் குடலிலிருந்து கொக்கிப்புழு முட்டைகள் மண்ணுக்கு வந்துகொண்டே இருக்கும். இதைச் சோதிக்கவே 2017இல் தொடங்கி, பெனின், மலாவி ஆகிய நாடுகளோடு நம் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பங்கேற்போடு, ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஆண்டுக்கு இருமுறை, மூன்று ஆண்டுகள் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இப்பகுதியில் பரவலாக இருந்தது கொக்கிப்புழு என்பதும், அது வயது கூடக் கூட அதிகரித்தது என்பதும் தொடக்கக் கணக்கெடுப்பிலேயே தெரிந்தது. எங்கள் மலையைப் பற்றிய இந்த உண்மையை எங்கள் முகாமின் வயது வரம்பு கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கேள்வி அல்ல என்றே நினைக்கிறேன்.

மாத்திரை, அதைக் கொடுக்கும் முறை, பணியாளர்களின் பரிவு ஆகியவற்றுக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன். பிள்ளைகளுக்கான வரம்புக்கும் ஐந்து. பெண்களுக்கான வரம்புக்கு மூன்று. 49 வரை நீட்டி, பாலூட்டுவோரைச் சேர்த்தால் மகிழ்ச்சியோடு திருத்துவேன். முதியவர்களுக்கு இரண்டு மதிப்பெண் கொடுப்பதே எனக்குச் சிரமமாக இருக்கிறது. கழிப்பறையும் செருப்பும் இல்லாமல் மாத்திரை மட்டும் போதாது என்பதை அந்தப் பணியாளர்களே வீடு வீடாகச் சொல்லி வருகிறார்கள். அதற்குத் தனியாக நன்றி.

பிப்ரவரி சுற்றுக்குப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். குழந்தையை வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அரை மாத்திரைதான் என்பதை நினைவில் வையுங்கள், நொறுக்கித் தருகிறார்களா என்று பாருங்கள். காய்ச்சல் இருந்தால் விடுபட்டோர் நாளுக்குக் காத்திருங்கள். பால் கொடுக்கும் தாய்மார்களும், 30 வயதைக் கடந்த பெண்களும், வயலுக்குப் போகும் பெரியவர்களும் முகாமில் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்த்துக் கேளுங்கள். களைப்பும் மூச்சு வாங்கலும் இருந்தால் மலப் பரிசோதனையும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். அத்தைக்கு நான் இப்போது ரப்பர் காலணி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சேற்றில் அது வழுக்குகிறது என்று நடவு நாளில் வரப்பிலேயே கழற்றி வைத்துவிடுகிறார். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிள்ளைகளுக்கு முகாம் நடக்கும் அதே வாரத்தில், அவரை நானே மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.